நாய் பின்பக்கத்த தரையில தேய்ச்சுக்கிட்டே போகுது, கருவாட்டு நாத்தம் வேற... பூச்சி மாத்திரை குடுத்தும் நிக்கல

ப்ரௌனி_அக்கா (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ப்ரௌனிக்கு நாலரை வயசு, ஸ்பிட்ஸ் தான் ஆனா கொஞ்சம் கலப்பு, 14 கிலோ இருக்கான். ரெண்டு வாரமா உக்காந்தபடியே பின்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டிக்கிட்டு பின்பக்கத்த தரையில தேய்ச்சு தேய்ச்சு ஹால்ல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் போறான். முதல் ரெண்டு நாள் நாங்க எல்லாரும் சிரிச்சோம், தம்பி வீடியோ கூட எடுத்தான், இப்ப நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. அம்மா வயித்துல பூச்சி இருக்கும்னு சொல்லி மெடிக்கல்ல மாத்திரை வாங்கி குடுத்தாங்க, பத்து நாள் கழிச்சு இன்னொண்ணும் குடுத்தாச்சு, நிக்கவே இல்ல.

இப்ப புதுசா ஒரு நாத்தம். அவன் படுத்து எந்திரிச்ச எடத்துல கருவாட்டுப் பானைய தொறந்து வச்ச மாதிரி இருக்கு, குளிப்பாட்டினா ஒரு நாள் தான், மறுநாள் அதே வாடை. நேத்து ராத்திரி என்னன்னு பாக்கலாம்னு வால தூக்கினேன், நாலரை வருஷத்துல ஒரு தடவ கூட என்னப் பாத்து உறுமாதவன் திரும்பி பல்ல காட்டிட்டான். அப்பறம் அவனே மூலையில போய் படுத்துக்கிட்டான், பாவமா இருந்துச்சு.

சாப்பாடு கேப்பீங்கன்னு நானே சொல்லிடறேன், காலையில பால் சாதம், ராத்திரி தயிர் சாதத்தோட ரெண்டு மூணு துண்டு சிக்கன், நடுவுல அப்பா டீ குடிக்கறப்ப மேரி பிஸ்கட். மோஷன் எப்பவுமே கொஞ்சம் கொழகொழன்னு தான் போவான், அது அவன் வாகுன்னு விட்டுட்டோம். இது என்னவா இருக்கும்?

மதுர_மாறன்

அக்கா மாத்திரை என்ன மாத்திரைன்னு பாத்தீங்களா? எல்லா பூச்சி மாத்திரையும் எல்லா பூச்சியையும் கொல்லாது. எங்க வீட்டு நாட்டு நாய்க்கு இதே மாதிரி தேய்ச்சப்ப நாடாப்புழு தான் இருந்துச்சு, ஆய் மேலயும் வாலுக்கு கீழ முடியிலயும் அரிசி மணி மாதிரி, வெள்ளரி விதை மாதிரி வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கும், ஈரமா இருக்கறப்ப நெளியும். அது தெள்ளுப்பூச்சியில இருந்து வருது, நாய் உடம்ப கடிச்சு சொறியறப்ப தெள்ள முழுங்கிருதுல்ல, அதுக்குள்ள இருந்து தான் புழு வயித்துக்கு போகுது. அதுக்கு ப்ராசிகுவான்டெல் இருக்கற மாத்திரையா பாத்து எடைக்கு தக்கன குடுக்கணும். தெள்ள ஒழிக்காம மாத்திரை மட்டும் குடுத்தீங்கன்னா ஒரு மாசத்துல மறுபடி வந்துரும், நான் அந்த தப்ப மூணு தடவ பண்ணேன்.

ஆனா கருவாட்டு நாத்தம்ங்கறீங்களே, அது எங்க நாய்க்கு இல்ல. அத டாக்டர் யாராச்சும் தான் சொல்லணும்.

கால்நடை_களம்

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்சவன், இப்ப ஒரு கிராமத்து மருந்தகத்துல இருக்கேன். நாள் முழுக்க மாடு ஆடு கோழி தான், ஆனாலும் இந்த பிரச்சனையோட நாய் வந்துகிட்டே தான் இருக்கும். நேர்ல பாக்காம எழுதறேன்ங்கறத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

மாறன் சொன்ன நாடாப்புழு சரி தான், அதையும் பாக்கணும். ஆனா தேய்க்கறது, மீன் கவிச்சி, வால தூக்கினா வலி, இந்த மூணும் சேந்து வந்தா நான் மொதல்ல சந்தேகப்படறது ஏனல் கிளாண்ட். ஆசனவாய ஒரு கடிகாரமா நெனச்சுக்கோங்க. நாலு மணி இருக்கற எடத்துல ஒண்ணு, எட்டு மணி இருக்கற எடத்துல ஒண்ணு, தோலுக்கு அடியில ரெண்டு சின்ன பை. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு சுருக்குத் தசை இருக்கு, அதுக்கு நடுவுல செருகி வச்ச மாதிரி இருக்கும். சின்ன நாய்க்கு பட்டாணி அளவு, பெரிய நாய்க்கு திராட்சை அளவுன்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு பைக்கும் ஊசிமுனை அளவுல ஒரு வாய். மோஷன் கெட்டியா வெளிய வர்றப்ப அந்த பைய அழுத்தி உள்ள இருக்கற பழுப்பு கலர் தண்ணிய கொஞ்சம் பிதுக்கி விட்டுரும், அது அந்த நாயோட அடையாள வாடை. நாய் நாய பாத்த உடனே பின்னாடி போய் மோந்து பாக்குதே, அதுல இந்த வாடைக்கும் பங்கு இருக்கு. ரொம்ப பயந்துட்டா கூட சில நாய் அத பீய்ச்சிடும், ஆஸ்பத்திரி டேபிள்ல ஏத்தின உடனே ரூம் முழுக்க கவிச்சி வந்துரும்.

இப்ப மோஷன் எப்பவும் கொழகொழன்னே போனா பைய அழுத்த எதுவும் இல்ல. தண்ணி உள்ளயே தங்கும், நாளாக நாளாக டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியாகும், அந்த ஊசி வாய் அடச்சுக்கும். இது முதல் கட்டம், அரிப்பும் பாரமும் தாங்காம நாய் தேய்க்கும், நக்கும், வால தொரத்தும். அடுத்து கிருமி புகுந்து உள்ள புண்ணாகும், வலி ஆரம்பிக்கும். அதுக்கும் மேல போனா சீழ்க்கட்டி, ஒரு பக்கமா செவந்து வீங்கி, கடைசியில தோல்ல ஓட்ட போட்டுக்கிட்டு வெளிய வரும்.

உங்க பையன் பல்ல காட்டிட்டான்னா அது ரெண்டாவது கட்டம் தாண்டிருச்சோன்னு எனக்கு பயம். இன்னிக்கோ நாளைக்கோ கூட்டிட்டு போயிருங்க. அதுக்குள்ள வீட்ல யாரும் அமுக்கி பாக்க வேணாம், புண்ணான பைய அமுக்கினா உள்பக்கமா ஒடஞ்சு சுத்தி இருக்கற சதையில சீழ் பரவிடும். இன்னொண்ணு, வலிக்குதேன்னு நம்ம மாத்திரை எதையும் குடுத்துராதீங்க. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ரெண்டும் நாய்க்கு வயித்துல புண்ண உண்டாக்கி கிட்னியையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் வீட்ல இருக்குன்னு அளவு தெரியாம குடுக்கற பொருள் இல்ல, ஈரல் போயிரும்.

கோம்பை_ராசு (தேனி)

டாக்டர் சார் தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க தோட்டத்துல நாலு தலமொறையா கோம்பை நாய் வளக்குறோம், இந்த கிளாண்ட் பிரச்சனைன்னு ஒண்ண நான் பாத்ததே இல்ல. எல்லாம் வீட்டுக்குள்ள பஞ்சு மெத்தையில வளத்து பால் சாதம் போடறதால வர்றது தானே? புனுகுப் பூனைக்கு புனுகு வர்ற சுரப்பி தான் நாய்க்கும் இருக்குன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, அது தானா வடியும், நாம கை வைக்கக் கூடாதும்பாரு.

கால்நடை_களம்

ராசு அண்ணே, தப்பா எல்லாம் நெனைக்கல, நீங்க சொல்றதுல பாதி எனக்கு ரொம்ப உடன்பாடு. ஓடியாடி திரியற, ஒல்லியா இருக்கற, எலும்பும் சதையுமா தின்னு கெட்டியா மோஷன் போற நாய்க்கு இது கம்மி தான். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை மாதிரி நம்ம நாய்ங்க நான் இதுக்காக பாத்தது ரொம்ப கொஞ்சம். அதிகமா வர்றது ஷிட்சூ, பூடில், சிவாவா, டாஷண்ட், காக்கர் ஸ்பேனியல், அப்பறம் எடை கூடின எந்த நாயும். குண்டான நாய்க்கு அந்த பைய சுத்தி கொழுப்பு சேந்துருது, மோஷன் போறப்ப வர்ற அழுத்தம் சரியா பையில விழறது இல்ல.

புனுகு வர்ற சுரப்பி வேற அண்ணே. அது ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல தனியா இருக்கறது. இந்த ரெண்டு பை நாய், பூனை, கீரி எல்லாத்துக்கும் இருக்கு. ஆனா சும்மா இருக்கற நாய்க்கு கை வைக்கக் கூடாதுன்னு உங்க தாத்தா சொன்னது இருக்கே, அது நூத்துக்கு நூறு.

லேப்_அப்பா (சென்னை)

அந்த கடைசி வரிக்காகவே எழுதறேன், ஏன்னா அத எனக்கு யாரும் சொல்லாததால ஒன்றரை வருஷம் எங்க டைகர் பட்டுட்டான். லேப்ரடார், அப்ப மூணு வயசு, ஒரு பிரச்சனையும் கிடையாது. மாசாமாசம் க்ரூமிங் கூட்டிட்டு போவேன், அங்க குளிப்பாட்டி நகம் வெட்டி காது தொடச்சு கூடவே கிளாண்டயும் அமுக்கி விடுவாங்க, பேக்கேஜ்லயே அது இருக்கு, நானும் நல்லது தானேன்னு நெனச்சேன். ஏழெட்டு மாசம் கழிச்சு தேய்க்க ஆரம்பிச்சான். நான் என்ன பண்ணேன், மாசம் ஒரு தடவைய மூணு வாரத்துக்கு ஒரு தடவையா மாத்தினேன். அப்பறம் ரெண்டு வாரம். ஒரு கட்டத்துல அமுக்கி நாலே நாள்ல மறுபடி தேய்க்கறான், அந்த எடம் செவந்து போய் தடிச்சு இருக்கு.

அப்பறம் போன டாக்டரம்மா வால தூக்கறதுக்கு முன்னாடி காத தொறந்து பாத்தாங்க, பாதத்த விரிச்சு பாத்தாங்க. காது ரெண்டும் செவப்பு, உள்ள ஈஸ்ட் வாடை. விரல் இடுக்கெல்லாம் நக்கி நக்கி முடி துரு கலர் ஆயிருக்கு, நான் அத அழுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். "உங்க நாய்க்கு பின்னாடி மட்டும் வியாதி இல்ல சார், தோல் முழுக்க அலர்ஜி, காது பாதம் கிளாண்ட் மூணும் ஒரே கதை"ன்னாங்க. அந்த பையோட உள் சுவரும் தோல் தானாம், அலர்ஜியில தோல் வீங்கறப்ப அதுவும் வீங்கி வாய் அடச்சுக்குது. நாங்க அமுக்க அமுக்க வீக்கம் கூடியிருக்கு.

8 வாரம் டெஸ்ட் டயட். கோழி, பால், முட்டை, கோதுமை எல்லாம் கட், அது வரைக்கும் அவன் சாப்பிடாத மீனும் சக்கரவள்ளிக் கிழங்கும் மட்டும், ஒரு பிஸ்கட் கூட கிடையாது. பக்கத்து வீட்டு தாத்தா பாசத்துல ஒரு பன் போட்டுட்டாரு, திரும்ப முதல்ல இருந்து எண்ண வேண்டியதா போச்சு. அஞ்சாவது வாரத்துல பாதம் நக்கறது நின்னுச்சு. எட்டாவது வாரம் முடிஞ்சு கோழி மட்டும் திரும்ப குடுத்து பாக்க சொன்னாங்க, மூணாவது நாள் காத சொறிய ஆரம்பிச்சான், நாலாவது நாள் தரையில தேய்ச்சான். அதோட கோழி எங்க வீட்ல இருந்தே போயிருச்சு. எடையும் 41ல இருந்து 33க்கு கொண்டு வந்தோம். இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு தடவ கூட யாரும் அமுக்கல.

அதனால ப்ரௌனி அக்கா, டாக்டர்கிட்ட போறப்ப காதையும் பாதத்தையும் பாக்க சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ அடச்சா அது வேற, மாசாமாசம் அடச்சா கிளாண்ட திட்டி பிரயோஜனம் இல்ல, அடைக்க வைக்கறது எதுன்னு தேடணும்.

ஷிட்சூ_மைதிலி (கோவை)

ஏனுங்க டாக்டர், எங்கூட்டு ஷிட்சூக்கு ஏழு வயசாச்சுங்க, இவளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அடைக்குதுங்க, எங்க டாக்டரே வீட்ல பண்ணிக்கலாம்னு சொல்லி ஒருக்கா காமிச்சாருங்க, ஆனா எனக்கு கை நடுங்குது. நெட்ல பாத்தா ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி பண்றாங்க. எப்படி பண்ணோனும், எப்ப நிறுத்தோனும்னு கொஞ்சம் எழுதுவீங்களா?

கால்நடை_களம்

டாக்டர் உங்க கைய புடிச்சு காமிச்சிருக்காருங்கறதால சொல்றேன், காமிக்காதவங்க இத படிச்சுட்டு ஆரம்பிக்காதீங்க.

இன்னொருத்தர் முன்னாடி நின்னு கழுத்தையும் வயித்தையும் அணைச்சு புடிச்சுக்கணும், பாத்ரூம்ல குளிப்பாட்டறதுக்கு முன்னாடி பண்ணா நல்லது, அப்பறம் கழுவிடலாம். கையில கிளவுஸ். வால நேரா மேல தூக்குங்க, தூக்கினாலே அந்த எடம் கொஞ்சம் வெளிய தள்ளும். நாலு மணியிலயும் எட்டு மணியிலயும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சா நெறஞ்ச பை பட்டாணி மாதிரி உருளும். ஒண்ணுமே தட்டுப்படலன்னா பை காலியா இருக்கு, அதோட விட்டுருங்க, காலி பைய தேடித் தேடி அமுக்கறது தான் பெரிய கெடுதல். தட்டுப்பட்டா அதுக்கு அடியில, கொஞ்சம் உள்தள்ளி விரல வச்சு மெதுவா மேல்நோக்கி வாய் பக்கமா நகத்தணும், மேல பஞ்ச வச்சு மூடிக்கோங்க, இல்லன்னா மூஞ்சியில அடிக்கும். பழுப்பா தண்ணியாவோ கூழாவோ வந்தா சரி.

மெதுவான அழுத்தத்துக்கு வரலன்னா நிறுத்திடுங்க, கூட கொஞ்சம் அழுத்தி பாக்கலாம்னு ஒரு எண்ணம் வரும், அத கேக்காதீங்க. அந்த மாதிரி நேரத்துல டாக்டர் ஒரு விரல உள்ள விட்டு எடுப்பாரு, அது வீட்ல பண்ற வேலை இல்ல. ரத்தம், பச்சை மஞ்சள்ல சீழ், இல்ல அவ கத்தினான்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

யாழ்_கண்ணன்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட ஜிம்மிக்கு போன வருசம் வாலுக்குக் கீழ ஒரு பக்கம் வீங்கிக் கிடந்தது, வேற நாய் ஏதும் கடிச்சுப்போட்டுது எண்டு நினைச்சு ரெண்டு நாள் விட்டிட்டம். மூண்டாம் நாள் உடைஞ்சு சீழும் ரத்தமுமா வந்திட்டுது. உடைஞ்ச உடனே ஆளுக்கு வலி குறைஞ்சு சாப்பிடவும் தொடங்கினது, நாங்களும் சரி சுகம் வந்திட்டுது எண்டு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிவிட்டம். நல்ல வெயில் காலம், இலையான் (ஈ) சொல்லி வேலையில்லை. ரெண்டு நாள் கழிச்சு பாத்தா காயத்துக்குள்ள புழு. அம்மா அழுதே போட்டா.

மிருக வைத்தியர் மயக்கி வைச்சு ஒவ்வொண்டா எடுத்தவர், உள்ளுக்குள்ள நல்ல ஆழமா போயிருந்தது. மேல தோல் மூடினாலும் உள்ளுக்குள்ள சீழ் இருந்தா திரும்ப வரும் எண்டு சொல்லி காயத்தைத் தைக்காம திறந்தே விட்டு ஒவ்வொரு நாளும் கழுவச் சொன்னவர். ஒரு மாசம் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இதை வாசிக்கிற ஆக்கள், உடைஞ்சு வடிஞ்சா சுகம் எண்டு தயவுசெய்து நினைக்காதேங்கோ.

கோம்பை_ராசு (தேனி)

தம்பி படிக்கவே மனசு என்னமோ பண்ணுது. எங்க பக்கம் புழு வச்சா கற்பூரத்த தேங்கா எண்ணெயில போட்டு விடுவாங்க, புழு வெளிய வந்து விழும். ஆனா அந்த எடத்துல அப்படி ஊத்தினா நாய் எரிச்சல் தாங்காதுன்னு இப்ப தோணுது.

கால்நடை_களம்

தாங்காது அண்ணே, அதோட நக்கி உள்ள போனா கற்பூரம் நாய்க்கு விஷம், வலிப்பே வரும். புழு வச்ச புண்ணுன்னா நேரா மருந்தகத்துக்கு கொண்டு வந்துருங்க, அரசு மருந்தகத்துலயே பாப்பாங்க. உடையாத வீக்கமா இருந்தா டாக்டர பாக்கப் போற வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணியில துணிய நனைச்சு பிழிஞ்சு பத்து நிமிஷம் ஒத்தடம் குடுக்கலாம், அவன் விட்டா. அவ்வளவு தான் வீட்டு வைத்தியம்.

ப்ரௌனி_அக்கா (திருச்சி)

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. களம் சார் எழுதினத படிச்ச உடனே அப்பா ஆபீஸ்க்கு லீவு போட்டாரு, ஆட்டோல கூட்டிட்டு போனோம். ப்ரௌனி உக்காரவே மாட்டேன்னுட்டான், வழி முழுக்க என் மடியில நின்னுக்கிட்டே வந்தான்.

வலது பக்கம் அடப்பு மட்டும், டாக்டர் எடுத்தப்ப நெஜமாவே டூத்பேஸ்ட் மாதிரி நூலா வந்துச்சு. இடது பக்கம் தொட விடல. லேசா மயக்கம் குடுத்து தான் பாத்தாங்க, ரத்தம் கலந்த சீழ், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வெளிய ஒடஞ்சிருக்கும்னு சொன்னாங்க. சின்ன ட்யூப் விட்டு சலைன்ல கழுவி உள்ளயே ஆயின்மெண்ட் நெறச்சாங்க. ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக், மூணு நாளைக்கு நாய்க்குன்னே இருக்கற வலி மருந்து, புண்ண நக்காம இருக்க கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு. கூம்போட அவன் கதவு நெலையில எல்லாம் முட்டிக்கிட்டு நடக்கறத பாக்க முடியல, அம்மா கழட்டிடலாம்னாங்க, நான் விடல.

லேப் அப்பா சொன்ன மாதிரி காதும் பாதமும் பாக்க சொன்னேன், அது சுத்தமா இருக்கு. சாப்பாட்ட கேட்ட உடனே டாக்டர் பால்ல தான் ஆரம்பிச்சாங்க. வளந்த நாய்ங்க நெறைய பேருக்கு பால்ல இருக்கற சக்கரைய செரிக்க முடியாதாம், கொழகொழப்பு அவன் வாகு இல்ல, நாலரை வருஷமா நாங்க தினம் குடுத்த பால் தான். அம்மாவுக்கு இத கேட்டு ரொம்ப வருத்தம், குட்டியா வந்தப்ப இருந்து அவங்க கையால பெசஞ்சு ஊட்டினது. 14 கிலோவும் கூடவாம், 11க்கு வரணும்.

பழைய_காக்கர் (சென்னை)

ப்ரௌனி தப்பிச்சதுல ரொம்ப சந்தோஷம். இந்த இழைய வயசான நாய் வச்சிருக்கறவங்களும் படிப்பாங்கன்னு நெனச்சு எழுதறேன், எழுத வேணாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

எங்க ரூபி காக்கர் ஸ்பேனியல். சின்ன வயசுல இருந்தே அப்பப்ப கிளாண்ட் அடைக்கும், போய் எடுத்துட்டு வருவோம், அது எங்களுக்கு பழகிப் போன விஷயம். 11 வயசுல மறுபடி தேய்ச்சா, வழக்கம் போல ஒரு க்ளினிக்ல வெளிய இருந்து அமுக்கி விட்டாங்க, சரியாயிரும்னாங்க. சரியாகல. அதே சமயம் அவ நெறைய தண்ணி குடிக்க ஆரம்பிச்சா, ஒரு நாளைக்கு நாலு தடவ கிண்ணத்த நெறைக்கறேன், ராத்திரி வீட்டுக்குள்ளயே மூத்திரம் போயிட்டு குத்த உணர்ச்சியோட நிக்கறா. வெயில், வயசுன்னு நானே காரணம் சொல்லிக்கிட்டேன். தண்ணி குடிக்கறதுக்கும் பின்பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்கு தோணும்?

ரெண்டு மாசம் கழிச்சு வேப்பேரி ஆஸ்பத்திரியில தான் கிளவுஸ் போட்டு உள்ள விரல் விட்டு பாத்தாங்க. இடது பையில கெட்டியா ஒரு கட்டி, சுண்டக்கா அளவு கூட இல்ல. ரத்தத்துல கால்சியம் எகிறி இருந்துச்சு. அந்த பையில வர்ற ஒரு வகை கேன்சர் கால்சியத்த ஏத்தி விடுமாம், அதனால தான் அந்த தாகம். ஸ்கேன்ல முதுகெலும்புக்கு கீழ இருக்கற நெணநீர்க் கணுவுக்கும் பரவி இருந்துச்சு, கட்டி இத்துனூண்டு, ஆனா பரவல் பெருசு, இந்த கேன்சரோட குணமே அது தான்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணோம், எட்டு மாசம் இருந்தா. நல்லா தான் இருந்தா, கடைசி மூணு வாரம் தவிர.

ஏழு எட்டு வயசு தாண்டின நாய்க்கு தடுப்பூசி போடப் போறப்ப உள்ள விரல் விட்டு ஒரு தடவ பாத்துருங்கன்னு நீங்களே கேளுங்க. ஒரு நிமிஷம் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் கெட்டியா இருந்தா, அமுக்கியும் சின்னதாகலன்னா, மோஷன் பட்டையா நாடா மாதிரி போனா, தண்ணி அதிகம் குடிச்சா, அது வழக்கமான அடப்புன்னு விட்டுராதீங்க.

கால்நடை_களம்

இத எழுதினதுக்கு நன்றி அம்மா. நீங்க எழுதின ஒவ்வொரு அறிகுறியும் சரி. நான் கூடுதலா ரெண்டு சொல்றேன். ஆசனவாய சுத்தி வர்ற எல்லா கட்டியும் அது இல்ல, கருத்தடை பண்ணாத வயசான ஆண் நாய்க்கு வெளித் தோல்ல சின்னச் சின்ன கட்டி வரும், பெரும்பாலும் ஆபத்தில்லாதது, விதை எடுத்தா நெறைய சுருங்கிடும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஆசனவாய சுத்தி ஓட்ட ஓட்டையா புண் வந்து வடியும், அத கிளாண்ட் ஒடஞ்சதுன்னு நெனச்சு மாசக்கணக்கா ஆன்டிபயாட்டிக் குடுத்துக்கிட்டே இருப்பாங்க, அது நோய் எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட வேற வியாதி, அதுக்கு மருந்தே வேற.

லேப்_அப்பா (சென்னை)

சார் ஒரு கேள்வி, எங்க அபார்ட்மெண்ட்ல ஒருத்தர் ரெண்டு பையையும் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நிம்மதின்னு சொல்றாரு. அவர் நாய்க்கு வருஷத்துல மூணு தடவ வருது.

கால்நடை_களம்

எடுக்கலாம், பை இல்லாம நாய் நல்லாவே வாழும். ஆனா மோஷன அடக்கி வைக்கற தசைக்கும் அதுக்கு போற நரம்புக்கும் ஒட்டினாப்ல இருக்கற எடம் அது. கை தேர்ந்தவர் பண்ணலன்னா அப்பறம் நாய் நடந்துக்கிட்டே மோஷன் போயிரும், பெரும்பாலும் கொஞ்ச நாள்ல சரியாயிரும், சிலதுக்கு சரியாகாது. பையோட சுவர்ல துளி மிச்சம் விட்டாலும் மறுபடி சீழ் வச்சு வடியும். அதனால கேன்சர்னா யோசிக்காம எடுக்கணும். திரும்பத் திரும்ப அடைக்கறதுக்குன்னா முதல்ல எடை, மோஷன், அலர்ஜி மூணையும் நேர்மையா ஒரு ஆறு மாசம் பாத்துட்டு, அப்பவும் முடியலன்னா, சீழ் முழுசா ஆறின பிறகு பண்ணணும். புண்ணோட இருக்கறப்ப பண்ணக் கூடாது.

ப்ரௌனி_அக்கா (திருச்சி)

மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டு போலாம்னு வந்தேன். கூம்பு கழட்டியாச்சு. பால் முழுசா நிறுத்தியாச்சு, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும். சாதத்த பாதியா கொறச்சு, மஞ்சள் பரங்கிக்காய உப்பு காரம் எதுவும் போடாம வேகவச்சு மசிச்சு ரெண்டு ஸ்பூன், சிக்கன் கொஞ்சம் கூட்டி, வெங்காயம் பூண்டு பக்கமே போகாம பாத்துக்கறோம். டாக்டர் இசப்கோலும் (நார்ச்சத்து உமி) சொன்னாங்க, அர டீஸ்பூன் தான், நெறைய தண்ணியில ஊறவச்சு கூழானதும் சாப்பாட்டுல கலந்து. நாலாவது நாளே மோஷன் உருட்டி எடுக்கற மாதிரி கெட்டியா வந்துச்சு, அம்மா என்ன கூப்பிட்டு காட்டினாங்க, இதுக்கெல்லாம் சந்தோஷப்படுவோம்னு யாரு நெனச்சா. அப்பாவோட டீ பிஸ்கட்டுக்கு பதிலா இப்ப கேரட் துண்டு. எடை 13.2.

சோபாவுல வாடை இல்ல. தரையில தேய்க்கறது இந்த பத்து நாள்ல ஒரே ஒரு தடவ, அதுவும் மழையில நனைஞ்சுட்டு வந்து உடம்ப தொடச்சுக்கிட்டப்ப. செக்கப்ல இடது பக்கம் ஆறிருச்சு, ரெண்டு பையும் தானா காலியாகுது, அமுக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஷிட்சூ_மைதிலி (கோவை)

ரொம்ப சந்தோசமுங்க கண்ணு. எங்கூட்டுக்காரிக்கும் இந்த வாரம் பரங்கிக்கா ஆரம்பிச்சிருக்கேன். தோலோட வேகவைக்கலாமுங்களா, எடுத்துரோணுமுங்களா? சின்ன நாய், அஞ்சு கிலோ தானுங்க.

ப்ரௌனி_அக்கா (திருச்சி)

தோலையும் விதையையும் எடுத்துருங்க அக்கா, டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க. அஞ்சு கிலோன்னா ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிங்க, ஒரேடியா போட்டா லூஸ் மோஷன் ஆயிரும், எங்களுக்கு முதல் நாள் அப்படி ஆச்சு.